மாட்டுக்குச் சொல்கிற மெட்டு

நான் மொத்தம் நூற்றுப் பதினொரு பாட்டு எழுதினேன். ஒன்றுகூட அச்சில் வரவில்லை. இதைக் கேட்கிறவர்கள் உடனே முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு, "ஆண்டவருக்குத் தெரியும் ஐயா" என்கிறார்கள். ஆண்டவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். நான் கேட்டது பாட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம்.

நூற்றுப் பத்துப் பாட்டைப் பற்றி இப்போது வருத்தம் ஒன்றும் இல்லை. நாலைந்து நன்றாக இருந்தன. மற்றவற்றில் யாப்புக்குக் குறைவில்லை, அவ்வளவுதான். மீதி ஒரு பாட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது என் மனைவி ஆலயத்தில் வாயைத் திறந்து பாட வேண்டும் என்பதற்காக எழுதியது.

நாமகிரிப்பேட்டைக்கு மூன்று மைல் கிழக்கே எங்கள் ஊர். லுத்தரன் சபைக்கு அங்கே ஓடு வேய்ந்த ஓர் ஆலயமும் இரண்டு அறைப் பள்ளிக்கூடமும் இருந்தன. மற்ற நாளெல்லாம் நான் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை பாடகர். ஆர்மோனியப் பெட்டியை வாசித்துக்கொண்டே சபையாரைப் பாடவைப்பது என் பொறுப்பு. பெட்டியில் இரண்டு கட்டைகள் பேசாது. அந்தச் சுரங்கள் வருகிற இடத்தில் நான் தொண்டையால் இட்டு நிரப்புவேன். புதிதாக வருகிறவர்கள் அதைச் சங்கீத ஞானம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் ஆராதனையில் ஞானப்பாட்டுகள்தான் அதிகம். மெட்டு ஜெர்மன் தேசத்தது, வார்த்தை தமிழ். குளிர்தேசத்து மெட்டுகளுக்கு அவசரம் கிடையாது. எங்கள் சபையாருக்கு அதைவிட அவசரம் கிடையாது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் அடுத்த அடிக்கு எழுந்திருப்பார்கள். பெட்டி நாலாம் அடியை முடித்துவிட்டுக் காத்திருக்கும், சபை இரண்டாம் அடியிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருக்கும். நான் மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவன், சுருதியும் காலமும் பிரம்பாலே கற்றவன். ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு வயிறு எரியும்.

கல்யாணமான முதல் ஞாயிறு அவள் பெண்கள் பக்கத்தில் முன்பாயில் உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கனமான, நல்ல குரல். அது மெட்டுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, பக்கத்து ஊரில் இருந்தது. நான் பெட்டியை உரக்க வாசித்தேன். அவள் இன்னும் உரக்கப் பாடினாள். புருஷனுக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்திருக்கிறாள். மூன்றாம் அடியில் பெண்கள் பக்கம் முழுவதும் அவளோடு போய்விட்டது. நாலாம் அடியில் ஆண்களும் போனார்கள். கடைசியில் நானும் பெட்டியும் மட்டும் ஆமென் சொன்னோம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"இனிமே நீ உதட்டை மட்டும் அசை. சத்தம் வரவேண்டாம்."

"செரிங்க" என்றாள்.

அவள் சண்டை போட்டிருக்கலாம். அவளுக்குச் சண்டை போடத் தெரியாமல் இல்லை. உப்பு அளவில் குறைந்தால் சந்தையையே ரெண்டாக்குகிறவள். பாட்டு விஷயத்தில் மட்டும் நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் அதே பாயில் உட்கார்ந்து, எல்லாப் பாட்டுக்கும் உதட்டை அசைத்தாள். எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு வார்த்தைக்கும் உதடு தப்பாது, சத்தம் மட்டும் வராது. வெளியூரிலிருந்து வந்தவர்கள், "வாத்தியாரம்மா என்ன பக்தியாகப் பாடுகிறார்கள்" என்று என்னிடம் புகழ்ந்தார்கள். நானும் ஆமாம் என்றேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும் அந்தப் பெட்டியும்தான்.

பிறகு ஒரு வருஷம் எனக்கு மலைக்காய்ச்சல் வந்தது. கொல்லிமலை அடிவாரத்துக்காரர்களுக்கு இது வருஷத்துக்கு ஒரு தடவை வந்துபோகிற உறவு மாதிரி. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். பின்பக்கம் கிணற்றடியில் யாரோ பாடுகிற சத்தம் கேட்டது. சுருதி கத்தரித்து வைத்தமாதிரி நின்றது. மெட்டு மெதுவாக இறங்கி, ஒரு படியில் தங்கி, மறுபடி இறங்கி, கடைசியில் நீளமாக ஓர் இழுப்பு இழுத்து மேலே ஏறி முடிந்தது. போர்டிங்கில் படித்த பதினோரு வருஷத்தில் நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கம்பளியோடு எழுந்து போய்ப் பார்த்தேன். என் மனைவி தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

"என்ன பாட்டு அது?"

கயிறு கையைவிட்டு நழுவி, வாளி கிணற்றுக்குள் விழுந்தது.

"ஆருமில்லீன்னு நெனச்சனுங்க" என்றாள். "என்னமோ வாய்ல வந்திருச்சுங்க. இனி வராதுங்க."

"வரட்டும். இன்னொரு தடவை பாடு."

"இது பாட்டில்லீங்களே. எங்கப்பன் கவலை ஓட்டறப்ப மாட்டுக்குச் சொல்றதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷம் இந்தச் சுருதியை வீட்டிலேயே ஒளித்து வைத்திருந்து என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்று தோன்றியது. "ஞானப்பாட்டை மட்டும் ஏன் அந்த லட்சணத்தில் பாடினே?" என்று கேட்டேன்.

"அது எங்கீங்க புடிபடுது. அது வேற ஊருப் பாட்டு" என்றாள்.

எங்கள் பக்கம் மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதைக் கவலை என்போம். மனசுக்கு வருகிற கவலை வேறு, அதற்கு மாடு தேவையில்லை. கிணற்று மேட்டிலிருந்து மாடுகள் சரிவில் இறங்கினால் கயிறு இழுபட்டுத் தோல்சால் தண்ணீரோடு மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டினதும் மாடுகள் திரும்பாமல், பின்னடி வைத்தபடியே மேட்டுக்கு ஏறும். சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை முன்னே போவதும் பின்னே வருவதும்தான். ஓட்டுகிறவன் பாடிக்கொண்டே இருப்பான். என் மாமனார் ஒரு தோட்டத்தில் அப்படி ஓட்டினவர், அவர் மகள் காதில் விழுந்த முதல் பாட்டு அது. இதெல்லாம் இப்போது தெளிவாக எழுதுகிறேன். அன்றைக்கு மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது சாதுவான பிராணி, நாலாம் வகுப்பில் அதற்கு ஒரு கட்டுரை உண்டு என்பதுதான்.

காய்ச்சல் விடுவதற்குள் அந்த மெட்டுக்கு ஏழு சரணம் எழுதிவிட்டேன். முதல் சரணம் இப்படி முடியும்:

ஆழக் கிணற்று நீரை அள்ளி எடுப்பதுபோல்
ஆழத்தில் கிடந்த என்னை அள்ளிக் கொண்டீரே

அந்தக் கடைசி 'ஏ'யைத்தான் இழுத்து மேலே ஏற்ற வேண்டும். அவளைப் பெட்டி முன்னால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கடைசி இழுப்ப மாத்திப்போடலாமுங்களா? அது மாட்டுக்குங்க."

"எல்லாமே மாட்டுக்குன்னுதானே சொன்னே?"

"முன்னால பாடறதெல்லாம் ஓட்டறவன் பொழுது போவறதுக்குங்க. கடைசி இழுப்புத்தான் மாட்டுக்கு. அதக் கேட்டாத்தான் பின்னால வரும்."

"அந்த இழுப்புலதான் பாட்டுக்கு உயிரே இருக்கு. ஆலயத்துக்குள்ள எந்த மாடு வரப்போகுது?" என்றேன்.

வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பாடிக்கொண்டே இருந்தாள். முதல் வாரம் மெதுவாக, அடுத்த வாரம் அடுப்படியில், அப்புறம் தெருவுக்கே கேட்கிறமாதிரி. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாலு வீடு தள்ளியே கேட்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நடையை வேகமாகப் போட்டு வருவேன். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இத நானு ஆலயத்துல பாடலாமுங்களா? சத்தமா?"

"பாடலாம். புத்தகத்துல வந்தா பாடலாம்."

அங்கேதான் சிக்கல். எங்கள் சபையில் குருவை ஐயர் என்போம். எங்கள் ஐயர் கிழக்குக் கரையிலிருந்து வந்தவர், ஒல்லியானவர். சபைச் சட்டத்தை வேதத்துக்கு அடுத்தபடியாகவும், சில நாள் அதற்கு முன்னாலேயும் வாசிப்பவர். அச்சுப் புத்தகத்தில் இல்லாத பாட்டை ஆலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் பாடக்கூடாது என்பது அவர் விதி. அதற்குக் காரணமும் இருந்தது. அவர் குருவான புதிதில், வேறோர் ஊரில், ஓர் அடக்கத்தின்போது யாரோ ஒருவர் சொந்தமாக எழுதிய பாட்டைப் பாடியிருக்கிறார். செத்தவரின் மூத்த மகனுக்கு ஒரு முழுச் சரணம், இளைய மகனுக்கு அரைச் சரணம். குழி மூடுவதற்குள் இரண்டு மகன்களும் அதற்குள் இறங்கிக் கட்டிப் புரண்டார்கள். ஐயரின் அங்கி அன்றைக்குக் கிழிந்தது.

அந்தச் சமயம் பாட்டுப் புத்தகத்தின் புதிய பதிப்புக்காக மேலிடத்தில் ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். மூன்று பேர். ஊர் ஊராகப் போய்ப் புதுப் பாட்டுகளைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். தபாலில் நான் அனுப்பிய பாட்டுகளையெல்லாம் அவர்கள் ஏற்கனவே நன்றியோடு திருப்பியிருந்தார்கள். இந்தப் பாட்டைக் காதால் கேட்க வேண்டும் என்று நான் ஐயரை அரித்தெடுத்தேன். அவர் எழுதிப்போட்டார். அறுப்பின் பண்டிகைக்கு வருவதாகப் பதில் வந்தது.

மோட்டார் பஸ் நாமகிரிப்பேட்டை வரைதான். அங்கிருந்து மூன்று மைல் மாட்டுவண்டி. எங்கள் ஆலயத்துக்கு அடுத்த தோட்டத்துக்காரர் வண்டி கொடுத்தார். அவர் இந்து, மாரியம்மன் நோம்பிக்கும் எங்கள் கிறிஸ்துமசுக்கும் ஒரே மனசாக விறகு கொடுப்பார். அவர் பிள்ளைகள் என்னிடம் படித்தார்கள். வண்டியை அவரே ஓட்டி வந்தார். அந்த மாடுகள் மற்ற நாளில் எங்கே வேலை செய்கின்றன என்பதை நான் கேட்கவில்லை.

ஊர் எல்லையில் சபையார் திரண்டு நின்று வண்டியை எதிர்கொண்டோம். கமிட்டித் தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்தவர், தாளம் போடாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். மரியாதைக்காக என் ஆர்மோனியப் பெட்டியை அவர் மடியில் வைத்தேன். வாசித்துக்கொண்டே வருவதாக அவரே சொன்னார். ஆண்கள் வண்டிக்கு முன்னால், பெண்கள் பின்னால். ஆலயத்துக்குள் புத்தகத்தில் இல்லாததைப் பாடக்கூடாது என்பதால், வழியிலேயே பாட்டைக் காட்டிவிடுவது என்று ஏற்பாடு.

பாட்டை எடுத்தேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு நாலுபேர் கேட்க அவள் பாடினாள். தலைவர் தலையை ஆட்டினார். அதை நான் கண்ணால் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. சரணம் முடிந்தது. எல்லோரும் கடைசி இழுப்பை இழுத்தோம். எல்லோருக்கும் மூச்சு முடிந்த பிறகும் அவள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

மாடுகள் நின்றன. பிறகு பின்னடி வைத்தன. கவலை மாடு பின்னால் வருவதில் ஒரு ஒழுங்கு உண்டு. இரண்டும் ஒன்றாக, அவசரமில்லாமல், மேடு வருகிறவரைக்கும் வரும். அன்றைக்கு மேடு இல்லாததால் அவை எங்கே நிற்பது என்று தெரியாமல் வந்துகொண்டே இருந்தன. தோட்டத்துக்காரர் கயிற்றைச் சுண்டினார், அதட்டினார். பெண்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். வண்டியின் வலது சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. கமிட்டியின் மூன்று பேரும் வரிசையாகச் சேற்றில் உட்கார்ந்தார்கள். தலைவர் மடியில் பெட்டி அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அதில் நாலு கட்டைகள் பேசவில்லை.

அவள் அப்போதுதான் இழுப்பை முடித்தாள். நான் திரும்பி, சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, "வாயை மூடுடி" என்று கத்தினேன்.

மூடிக்கொண்டாள்.

தோட்டத்துக்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்தினதும் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "பாட்டு எடுத்ததுமே எனக்குத் திக்குன்னுதானுங்க இருந்துச்சு. வாத்தியாருக்குத் தெரியாததயா நாம சொல்லப்போறோம்னு உட்டுட்டேன். எழுதுனவன் ஏட்டக் கெடுத்தான், படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சொலவடையாச் சொல்றது செரியாத்தானுங்க இருக்குது."

சபையில் பாதிப்பேர் தோட்டவேலை செய்கிறவர்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. வாத்தியாருக்குத் தெரியும் என்று ஊரே நினைத்துவிட்டால் அந்த வாத்தியாரை ஆண்டவராலும் காப்பாற்ற முடியாது.

ஒரு மாசம் கழித்துக் கமிட்டியின் கடிதம் வந்தது. ஐயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பொருள் நன்று, யாப்பு சரி, மெட்டு ஆராதனைக்கு உகந்ததல்ல, கால்நடைகளைப் பாதிக்கிறது. மடித்து என் கையில் கொடுத்தார்.

"எனக்குத் தெரிந்து ஒரு பாட்டைத் தள்ளுவதற்கு யாரும் கால்நடையைக் காரணம் சொன்னதில்லை, வாத்தியாரே. நீர்தான் முதல்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் கடிதத்தைச் சொன்னேன். முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாலதானுங்க" என்றாள். "நானு கொஞ்சம் சுருக்கா நிறுத்தியிருக்கோணும்."

குற்றம் என்னுடையது. அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள், கேட்காதவன் நான். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சரி, விடு" என்று மட்டும் சொன்னேன். அவளை மன்னித்துவிட்டவன் மாதிரி.

அதோடு அவள் பாடுவதை விட்டுவிட்டாள். ஆலயத்தில் உதட்டை அசைத்தாள். கிணற்றடியில் அதுகூட இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாலு வீடு தள்ளி நின்று காது கொடுப்பேன். ராட்டினம் கிறீச்சிடுகிற சத்தம்தான் கேட்கும். நான் இன்னும் பாட்டுகள் எழுதினேன். எல்லாம் திரும்பி வந்தன. பிறகு இரண்டாம் யுத்தம் வந்து, காகிதம் கிடைக்காமல், அந்தப் புதிய பதிப்பே அச்சாகாமல் போயிற்று. என் பாட்டைத் தள்ளிய புத்தகம் வெளிவரவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம் இருந்தது. அது பாவம்தான். அறிக்கை செய்துவிட்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே அவள் வயிற்றில் கட்டி வந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு எனக்கு முன்னாலேயே புரிந்திருக்கிறது. திரும்பி வரும்போது, அடுத்த மழைக்கு ஓடு மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தாள், யார் மாற்றப்போவது என்று சொல்லவில்லை.

மூன்று மாசம் கட்டிலில் கிடந்தாள். ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏனுங்க, என்னைய எடுக்கறப்ப எந்தப் பாட்டுப் பாடுவீங்க?"

"அப்படியெல்லாம் பேசாதே."

"பேசாம இருந்தாப் போவாம இருந்துருவனுங்களா? சொல்லுங்க."

அடக்கத்துக்கு வழக்கமாகப் பாடுகிற ஞானப்பாட்டைச் சொன்னேன்.

"அது எனக்கு வராதுங்களே" என்றாள்.

அன்றைக்கு அவள் பாட வேண்டியதில்லை என்று சொல்லாமல் இன்னொரு கரண்டி கஞ்சி கொடுத்தேன். 

"நம்ம பாட்டப் பாடுங்க" என்றாள்.

"புத்தகத்துல இல்லையே. ஐயர் விடமாட்டார்."

"கேட்டுப் பாருங்க. ஒரு நாளைக்குத்தானே."

கேட்கிறேன் என்றேன். பிறகு, பல வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "உன்னை உதட்டை மட்டும் அசைன்னு சொன்னது தப்பு. அன்னிக்கு ரோட்டுல கத்தினதும் தப்பு."

அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "ஞானப்பாட்டு நானு நல்லாவுங்களா பாடுனேன்? பொய் சொல்லாதீங்க."

"இல்லை."

"அப்புறம் என்னங்க" என்றாள். சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும், அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஐயரிடம் போய்க் கேட்டேன். முடியாது என்றார். ஒருத்தருக்கு விட்டால் ஊருக்கே விட வேண்டும், குழிக்குள் நடந்ததை நீர் பார்க்கவில்லை என்றார். அவளிடம் போய், ஐயர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் என்றேன். நல்ல மனுஷன் என்றாள். அதற்கு நாலாம் நாள் விடியற்காலையில், நான் வெந்நீர் போட எழுந்தபோது அவள் போயிருந்தாள்.

ஐயர் வந்து ஜெபம் செய்தார். சவப்பெட்டியை மூடினார்கள். கல்லறைத் தோட்டம் ஊருக்கு ஒன்றரை மைல். காய்ச்சல் பரவிய சமயம், தூக்கிப்போகத் தெம்புள்ள ஆண்கள் குறைவு. தோட்டத்துக்காரர் கேட்காமலே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். இடது மாடு பழைய மாடுதான், கிழடு தட்டியிருந்தது. வலது புதுசு, ஆனால் அதற்கும் கவலைதான் வேலை.

 ஐயர் என் பக்கத்தில் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஆலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் கூடாது என்றுதான் விதி. நடுவில் ஒன்றரை மைல் இருக்கிறது. அது ஜில்லா போர்டு ரோடு. ஜில்லா போர்டு ரோட்டில் என்ன பாடுவது என்பதற்கு என்னிடம் விதி கிடையாது."

சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நடக்க ஆரம்பித்தார்.

ஊர் எல்லை தாண்டினதும் எடுத்தேன். ஆர்மோனியம் இல்லை, தொண்டை மட்டும்தான். சபையாருக்குப் பாட்டு மறக்கவில்லை, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். முதல் சரணம் முடிந்தது. வழக்கப்படி கடைசி இழுப்பு வந்தது, இழுத்தேன்.

மாடுகள் நின்றன. பின்னடி வைத்தன. அவளை வைத்திருந்த வண்டி வீட்டைப் பார்த்துப் பத்தடி திரும்பி வந்தது.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. தோட்டத்துக்காரர் கயிற்றைப் பிடித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வாத்தியாருங்க, கடைசி இழுப்ப உட்டுப்போட்டுப் பாடுங்க. போய்ச் சேரோணுமில்லீங்க."

"சரி" என்றேன்.

இரண்டாம் சரணத்தின் முடிவிலும் இழுத்தேன். வண்டி மறுபடி பத்தடி பின்னால் வந்தது. முதல் தடவை நடந்தது மறதி. இரண்டாம் தடவையிலிருந்து நடந்ததெல்லாம் நான் தெரிந்து செய்தது. இதை யாரிடமும் ஒளிக்கவில்லை, அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தோட்டத்துக்காரர் அப்புறம் கயிற்றைச் சுண்டவில்லை. மாடுகள் பின்னால் வந்து தாமாக நிற்கிறவரை காத்திருந்து, பிறகு தட்டிவிட்டார். முன்னால் போன ஐயர் ஒவ்வொரு தடவையும் நின்றார். ஒருதடவை பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார், பார்க்காமலே திரும்ப வைத்துவிட்டார்.

ஆறு சரணம் அப்படிப் போயிற்று. நடுநடுவே பாட்டில்லாமல் நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. ஏழாவது சரணத்தை எடுத்தபோது கல்லறைத் தோட்டத்தின் வாசல் வந்துவிட்டது. இரண்டு கல்தூண், நடுவில் வண்டி நுழைகிற அளவுக்கு வழி. அதற்கு அப்பால் ஐயருடைய விதி. ஐயர் உள்ளே போய்த் திரும்பி நின்றார்.

தோட்டத்துக்காரர் கேட்டார்: "இதானுங்க கடைசி?"

"இதுதான்."

பாடினேன். கடைசி அடி வந்தது. அதன் கடைசி வார்த்தை வந்தது. சபையார் எல்லோரும் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். மாடுகளும் காதைத் திருப்பின. நான் இழுத்தால் அவள் இன்னும் பத்தடி வீட்டுப் பக்கம் வருவாள். எட்டாவது சரணம் நான் எழுதவில்லை.

வாயைத் திறந்தேன். சத்தத்தை விடாமல், அவள் எவ்வளவு நேரம் இழுப்பாளோ அவ்வளவு நேரம் உதட்டை மட்டும் அசைத்தேன். மாடுகள் கொஞ்சம் காத்திருந்தன. ஒன்றும் வராததால், அவளை ஏற்றிக்கொண்டு உள்ளே போயின.